வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்

மோர்க்குழம்பை நான் விட்டது அவரால்தான். அடுத்த வருடம் பருப்புக் கடைசல் போயிற்று. அதற்கப்புறம் கேழ்வரகுக் கூழ். இன்னும் இரண்டு வருடம் அவரிடம் வேலை பார்த்திருந்தால் வெறும் தண்ணீர் குடித்தே காலத்தை ஓட்டியிருப்பேன்.

ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி மேடம் பென்சிலின் பாட்டில் ஒன்றை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். "பாருங்க, மோர்க்குழம்பு திரிஞ்ச மாதிரியே இருக்கு. நல்லா கிடைச்சிருக்கு" என்பார், மாம்பழம் வாங்கியவர் மாதிரி. உள்ளே இருப்பது ஏதோ ஒரு கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கு. நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டுவேன். கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்ய முடியும்? அன்று வீட்டுக்குப் போனால் என் மனைவி ஆசையாக மோர்க்குழம்பு வைத்திருப்பாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பாள். அதை எப்படி வாயைத் திறந்து சொல்வது?

அவர் வைரஸ் ஆராய்ச்சி செய்தவர். குழந்தைகளுக்கும் கன்றுக்குட்டிகளுக்கும் வருகிற வயிற்றுப்போக்குதான் அவருடைய படிப்பு. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அவரை அனுப்பியிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு அறை, ஒரு ஃப்ரீசர், ஒரு அட்டெண்டர், ஒரு ஜீப், அந்த ஜீப்புக்கு நான். எண்பதுகளின் தொடக்கம். சுற்றிலும் புதுப் புதுக் கம்பெனிகள் சங்கு ஊதிக்கொண்டிருந்தன. என் சேக்காளிகள் எல்லாம் பஞ்ச் கார்டு அடித்துக்கொண்டு உள்ளே போனபோது, நான் குந்தாரப்பள்ளி வரைக்கும் ஊர் ஊராகப் போய் மலம் சேகரித்துக்கொண்டிருந்தேன். ஓசூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு மூன்று பாஷை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அவருக்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள்: பீ டாக்டரம்மா. அவருக்கு அது தெரியும். கோபம் வராது. ஒரு ஊரில் யாரோ மரியாதையாக வெறும் "டாக்டரம்மா" என்று கூப்பிட்டபோது, "நான் அந்த டாக்டர் இல்லைங்க, மத்த டாக்டர்" என்று திருத்தினார்.

குழந்தையும் கன்றும் ஒரே கூரைக்குக் கீழே படுக்கிற வீடுகளில், ஒன்றின் நோய் இன்னொன்றுக்குத் தாவுகிறதா? அதுதான் அவர் தேடிய கேள்வி. நாற்பது வயதை ஒட்டிய பெண்மணி, பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். குடும்பம் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தொழுவத்தில் சாணிக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து கன்றின் பெயரைக் கேட்பார். பெயர் இல்லாத கன்றை அவர் நோட்டில் ஏற்றமாட்டார். வீட்டுக்காரர்கள் அப்போதுதான் யோசித்து ஒரு பெயர் வைப்பார்கள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான நோட்டு. ஊர், வீடு, குழந்தை, கன்று, தேதி என்று கட்டம் கட்டமாகப் போய், கடைசிக் கட்டத்தின் தலைப்பில் "சொல்லியாச்சு" என்று எழுதியிருப்பார். அதுதான் அவர். பெங்களூரிலிருந்து முடிவு வர நாலு மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். அதற்குள் குழந்தை எழுந்து நடக்க ஆரம்பித்திருக்கும். சில வீடுகளில் குழந்தையே இருக்காது. யாரும் அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய், நின்று, இன்னதுதான் வந்தது என்று சொல்லிவிட்டு வந்து, கட்டத்தில் ஒரு டிக் போடுவார்.

ஒரு விவசாயி, செத்துப்போன தன் கன்றுக்கு என்ன நோய் என்று ஆறு மாதம் கழித்து மேடம் போய்ச் சொன்னபோது, விழுந்து விழுந்து சிரித்தார். கன்றை எப்போதோ புதைத்தாயிற்று, இனிமேல் நோய்க்குப் பேர் தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று தெலுங்கில் கேட்டார். மேடமும் கூடவே சிரித்தார். ஜீப்பில் ஏறியதும் நானும் அதையே கேட்டேன், கொஞ்சம் நாகரிகமாக.

"அவங்க வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கினோம் இல்லீங்களா. கேட்டவங்கதான் திரும்பப் போய்ச் சொல்லணும்" என்றார்.

எனக்கும் வந்து சொல்லியிருக்கிறார். அதையும் மறைப்பானேன். பயத்தில் என்னை மிஞ்ச அந்த ஜில்லாவில் ஆளில்லை. பாட்டிலைத் தொட்ட கையைப் பினாயிலில் கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கே வாக்கப்பட்ட மாதிரி இருக்கிறது என்று என் மனைவி தள்ளிப் படுத்தாள். ஒரு நாள் எனக்கே வயிறு கலங்கியது. ஆறு தடவை. தொற்றிக்கொண்டுவிட்டது, முடிந்தது கதை என்று சட்டைப்பையில் இருந்த துண்டுச்சீட்டில், மனைவிக்கு என்னென்ன சேரவேண்டும் என்று எழுதவே ஆரம்பித்துவிட்டேன். சேரவேண்டியது ஒரு சைக்கிள்தான் என்பதால் சீக்கிரம் எழுதி முடிந்தது. அவர் பதறாமல் ஒரு பாட்டிலை நீட்டினார். "டிரைவர், ஆண், முப்பது" என்று நானே என் கையால் லேபிள் எழுதினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறவர் ஜீப்பிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார். வீட்டில் வந்துதான் சொல்வார். என் மனைவி நாற்காலி போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கு வைரஸ் ஒண்ணும் இல்லம்மா. போண்டாதான்."

அன்றிலிருந்து மூக்கண்டப்பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

இதுவரைக்கும் சொன்னதைச் சொல்வது சுலபம். பதினாறு வருடமாக இதை மட்டும்தான் ஆட்களிடம் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குந்தாரப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். மார்கழி மாதம். அதற்கு முந்தின வாரம்தான் நான் ஐஸ் கம்பெனியில் ஐஸ் எடுக்க மறந்து பன்னிரண்டு பாட்டில் வீணாகிப்போயிருந்தது. அவர் கத்தவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் திரும்பப் போய், "ஐஸ் வைக்காம விட்டுட்டோம்" என்று சொல்லி மறுபடி கேட்டு வாங்கினார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை: "இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் வேற டிரைவர் பாக்கணும்ங்க." என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம்.

அந்த வீட்டில் எட்டு மாதப் பெண் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். கன்றுக்குட்டிக்குப் பெயர் இருந்தது, சிட்டு. இரண்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. தாய்க்கு இருபது வயதிருக்கும். மாமியார்தான் பேசினாள். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தாயிற்று, ஊதி உறிஞ்சித் துப்பியதில் ஒரு சோற்றுப் பருக்கை வந்தது, இனி நின்றுவிடும், நிற்கிற வரைக்கும் தண்ணீர் காட்டக்கூடாது என்றாள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். போகிற வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றினால் இன்னும் போகும் என்பது அவர்கள் கணக்கு.

அவர் தாயின் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஒரு சொம்பில் சர்க்கரையும் உப்பும் போட்டுக் கரைத்து, ஒரு சொட்டு அவள் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார். "கண்ணீர் நாக்குல பட்டா ஒரு உப்பு இருக்குமே, அதுதான் அளவு. அதுக்கு மேல போகக்கூடாது. விடாம குடுத்துக்கிட்டே இரும்மா." ஜீப்பிலேயே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்றுவிட்டாள் மாமியார்.

அந்த நேரம் நான் வெளியே ஜீப்பிடம் இருந்தேன். இரண்டு பாட்டில் என் கையில். பிளாஸ்திரி ஒட்டி, பென்சிலால் பெயர் எழுதி, ஐஸில் வைப்பது என் வேலை. சிட்டு முடிந்தது. பாப்பாவுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது விரலில் ஈரம் பட்டது. மூடி சரியாக அமுங்கவில்லை. அவ்வளவுதான். தேளைக் கையில் பிடித்தவன்கூட அத்தனை தூரம் வீசியிருக்கமாட்டான். மாட்டுத் தண்ணித் தொட்டியில் பட்டுப் பாட்டில் சிதறிப்போனது.

பத்தடி நடந்து உள்ளே போய், "மேடம், உடைஞ்சு போச்சு" என்று சொல்லியிருந்தால் போதும். அந்தக் குழந்தை அன்றைக்கு இருந்த நிலையில் இன்னொரு பாட்டில் நிரம்ப அரை மணி நேரம் ஆகியிருக்காது. உலகத்திலேயே சுலபமாகத் திரும்பக் கிடைக்கிற பொருளைத்தான் நான் உடைத்திருந்தேன். ஆனால் எனக்குக் கேட்டதெல்லாம் "வேற டிரைவர்" மட்டும்தான். காலிப் பாட்டில் ஒன்றை எடுத்தேன். சிட்டுவின் பாட்டிலிலிருந்து பாதியை அதில் ஊற்றினேன். பாப்பா என்று எழுதி ஒட்டினேன். ஐஸில் புதைத்தேன். அப்புறம் கையைப் பினாயிலில் இரண்டு தடவை கழுவினேன். பயந்தாங்கொள்ளிக்கும் ஒழுங்குமுறை உண்டு.

அடுத்த வாரம் போனபோது குழந்தை இல்லை. மூன்றாம் நாளே போய்விட்டது.

மாமியார் எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தாள். "தண்ணி குடுக்காத, குடுக்காதன்னு தலையில அடிச்சிகினேன். இந்தம்மா பேச்சக் கேட்டுகினு சொம்பு சொம்பா ஊத்திக் கொன்னுட்டா" என்றாள். தாய் தொழுவத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டு தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை என்பது அந்தத் தட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் தண்ணீர் கொல்லாது என்று எடுத்துச் சொன்னார். அவர் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்?

திரும்பும்போது வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி முகம் கழுவிக்கொண்டார். "அந்தப் பாட்டிலை முதல்ல பாக்கச் சொல்லணும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வைரஸின் உள்ளே இருப்பதைப் பிரித்து ஓடவிட்டால் கோடு கோடாக வருமாம். மாட்டுக்கு ஒரு வரிசை, மனுசக் குழந்தைக்கு ஒரு வரிசை. அவர் எனக்கு விளக்கியது அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து அந்தக் கோடுகளின் படம் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பாப்பாவின் வரிசையும் சிட்டுவின் வரிசையும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. ஒன்றாக இல்லாமல் என்ன செய்யும்!

"டிரைவர், பாட்டில் மாறலையே?"

"மாறலை மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மாறவே இல்லை மேடம்."

படத்தைக் கழற்றி மறுபடி ஒட்டிப் பார்த்தார். சந்தோஷத்தில். கன்றிலிருந்து குழந்தைக்கு நோய் தாவியதை அதுவரை யாரும் அப்படிக் கண்ணெதிரே பிடித்ததில்லை என்றார். வழக்கமாக இன்னும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் வீட்டுக்குச் சொல்லப் போவார். அந்தத் தடவை காத்திருக்கவில்லை. "அந்தப் பொண்ணு தினமும் திட்டு வாங்கிட்டிருப்பா. வண்டியை எடுங்க" என்றார்.

வீட்டு நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தண்ணீரால் இல்லை. தாயால் இல்லை. கன்றுக்கு வந்த கிருமிதான் குழந்தைக்கும் வந்திருக்கிறது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தியதை நான் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து நிமிர்த்துகிற தலை, துருப்பிடித்த கீல் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. அதே நேரம் மாமியார் அப்படியே கீழே உட்கார்ந்தாள். "பனியில கன்னு வெறைச்சுடும்னு நாந்தான உள்ள கட்டுனேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

அவர் கட்டத்தில் டிக் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து குந்தாரப்பள்ளிச் சந்தையில் சிட்டுவைப் பார்த்தேன். மாட்டு வியாபாரம் பார்க்கிற பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதில் கெட்டிக்காரர். அந்தக் கன்றுக்கு மட்டும் யாரும் துண்டை விரிக்கவில்லை. "அது புள்ளைய முழுங்குன கன்னாம் தம்பி. அறுப்புக்குக்கூட எடுக்கமாட்டேங்கறாங்க" என்றார். கன்று என் சட்டையை நக்க வந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். எதற்குப் பயந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் அவர் ஓய்வே எடுக்கவில்லை. ஒன்று கிடைத்தால் இன்னொன்று கிடைக்கவேண்டும் அல்லவா. ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாக, நூற்றுக்கணக்கில் பாட்டில்கள். எங்குமே குழந்தையும் கன்றும் ஒத்துப்போகவில்லை. "எங்கேயோ நான் தப்பு பண்றேன்" என்பார். இளைத்துப்போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வேன். ஒவ்வொரு காலையும் ஜீப்பின் ஆயிலைப் பார்த்து, ரேடியேட்டரைப் பார்த்து, டயரை உதைத்துப் பார்த்து, நல்ல நேரம் போய்விட்டது என்று விட்டுவிடுவேன். அந்த வருடம் அந்த ஜீப்பைப் போல நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டி ஓசூரில் கிடையாது.

அப்போது என் மகளுக்குப் பதினோரு மாதம். ஒரு நாள் காலையில் அவளுக்கு ஆரம்பித்தது. பத்து மணிக்குள் கண் உள்ளே போய்விட்டது. எத்தனை நூறு வீட்டில் அந்த உப்பு சர்க்கரைத் தண்ணீர்ப் பாடத்தைக் கேட்டிருப்பேன்! ஒரு வார்த்தை நினைவுக்கு வரவில்லை. உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் சுற்றிச் சுற்றி வந்தேன். என் மனைவிதான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "போய் உங்க மேடத்தைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அவர் வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கரண்டி. வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் பொறுத்து இன்னொரு கரண்டி. சாயங்காலம் வரை அதே இடத்தில், அதே கரண்டி. நாலு மணி இருக்கும், என் மகள் அவர் மடியிலேயே மூத்திரம் போனாள். உடம்பில் தண்ணீர் தங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நனைந்த புடவையைப் பார்த்து ஒரு மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் அழுதேன். கண்ணீர் வாய்க்குள் போனது. அந்த உப்பு நாக்கில் பட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கரண்டியை மட்டும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேள்விகள் கேட்டார். எந்தப் பாட்டிலுக்கு முதலில் பிளாஸ்திரி ஒட்டினேன்? எவ்வளவு ஊற்றினேன்? உடைந்ததில் ஏதாவது மிச்சம் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு வருடத்தில் நான் சொன்ன உண்மையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலையில அந்த வீட்டுக்குப் போகணும்" என்றார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். உடைத்தது நான், ஊற்றியது நான், பொய் சொன்னது நான். வாசலில் நின்றதும் எல்லாம் போய்விட்டது. தாய் வெளியே வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம், முகம் தெளிந்திருந்தது. உள்ளே மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பாதியாக இளைத்து. ஒருத்தியைத் தூக்கிவிட்ட பொய் இன்னொருத்தியை அழுத்திக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் மாமியார் எழுவாள், தாய் விழுவாள். இதை முந்தின நாளே அவர் யோசித்திருக்க வேண்டும். அதனால்தான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். என் கையில் ஜீப் சாவிக்கொத்து குலுங்குவது மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"நாங்க சொன்னது தப்பும்மா. பாப்பாவோட பாட்டில் எங்க கையில உடைஞ்சு போச்சு. நாங்க பாத்தது கன்னுக்குட்டியோடது. ஒரே ஒரு பாட்டிலை வச்சுக்கிட்டு நான் வந்து பேசியிருக்கக் கூடாது. கன்னுக்குட்டி மேல தப்புன்னு சொல்ல முடியாது. உன் மேல தப்பு இல்லங்கறது மட்டும் நிச்சயம். தண்ணி யாரையும் கொல்லாது."

மாமியார் எழுந்து வந்தாள். ஒரு வருடம் வைத்திருந்த பேச்சையெல்லாம் சேர்த்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினாள். இன்னொரு பக்கத்தைச் சாத்துமுன் தாய் கையை வைத்துத் தடுத்தாள்.

"அப்ப எம் புள்ளைக்கு இன்னா வந்துச்சு?"

அவர் வாசலில் வெயிலில் நின்றார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன மனுஷி.

"தெரியலம்மா" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. ஜீப்பில் ஏறியதும் நோட்டை எடுத்து அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். வேறு எதுவும் எழுதவில்லை.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்தது. அந்தக் கோடுகளை வைத்து எழுதி அனுப்பியிருந்த கட்டுரையை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். பாட்டிலை உடைத்துவிட்டு ஆளை மாற்றிச் சொல்கிறவர்கள் என்று ஊர்களில் பேச்சுப் பரவியது. நாங்கள் போனால் கதவு திறக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் மூக்கண்டப்பள்ளி வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தக் கேள்விக்கு அவரால் பதில் கண்டுபிடிக்க முடியாமலே போயிற்று. என் பெயரை அவர் எங்குமே எழுதவில்லை என்று அட்டெண்டர் சொன்னார். "பொறுப்பாளர் கவனக்குறைவு" என்று தன் மேல்தான் எழுதியிருந்தாராம்.

போகும்போது எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அதைக் காட்டித்தான் கம்பெனி பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது, இன்றும் அதில்தான் இருக்கிறேன். வேலைக்கு எடுத்த அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, இப்படி ஒரு சிபாரிசை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். மூன்றே வரி. நன்றாக வண்டி ஓட்டுவார். பயந்த சுபாவம். தவறு செய்தால் வந்து சொல்லிவிடுவார்.

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பழைய அட்டெண்டரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சோடு பேச்சாக, மேடம் போன ஐப்பசியிலேயே தவறிவிட்டாரே, தெரியாதா என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு ஷிப்ட் பஸ்ஸை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். பஸ்ஸில்தான். கையில் சாவிக்கொத்து இல்லாமல் போகவேண்டும் என்று தோன்றியது. பதினாறு வருடம் கழித்துப் போய்ச் சொல்லப் போகிற வீரனுக்கு, கூடை நிறைய சாத்துக்குடி வேறு.

அந்தப் பெண் ரோஜாத் தோட்டத்து வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல்களில் முள் கீறல். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரக்கூட இல்லை நான். "அன்னைக்குப் பாட்டிலை உடைச்சது நான்தாம்மா. மேடம் இல்ல. மாத்தி ஊத்தினதும் நான்தான்" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். "யாரு கையில உடைஞ்சா இன்னாண்ணா, உடைஞ்சது உடைஞ்சதுதான" என்றாள். சொல்லும்போதே என் தோளுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா வரலியா?"

எனக்குப் புரியவில்லை.

"வருசா வருசம் மார்கழியில ஒரு நாளு வருவாங்களே. பெங்களூரு பஸ்ல குந்தாரப்பள்ளியில எறங்கி நடந்தே வருவாங்க. மொதோ ரெண்டு வருசம் அத்த கதவே தொறக்கல. வெளியவே நின்னுட்டுப் போனாங்க. அப்பறம் அத்ததான் பலகை எடுத்துப் போடும். மோர் குடுத்தா குடிப்பாங்க. 'இன்னும் தெரியலம்மா'ம்பாங்க. போயிடுவாங்க. அவ்ளோதான் பேச்சு." ரோட்டை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். "போன மார்கழிக்கு வரல. அதான் உங்கள அனுப்பிச்சாங்களோன்னு பாத்தேன்."

பதினாலு மார்கழி. அதில் பாதி நாள் நான் அந்த ஹைவேயிலேயே பஸ் ஓட்டிப் போயிருப்பேன். நடந்து போகிற ஒரு மனுஷியைத் தாண்டிக்கூடப் போயிருப்பேன்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். சொல்லவேண்டியதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் அதே பத்தடிதான் இருந்தது. நடந்து கிட்டத்தில் போனேன்.

"டாக்டரம்மா போன ஐப்பசியில தவறிட்டாங்கம்மா."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களை. அப்புறம் தலையை நிமிர்த்தினாள்.

"அவங்களுக்கு இன்னா வந்துச்சு?"

அட்டெண்டரிடம் அதை நான் கேட்கவே இல்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்."

"எப்பண்ணா?"

"மார்கழிக்குள்ள."